டி.எம்.சி. கணக்கில் சேராத மீன்

எல்லைப் பகுதித் தமிழில் வழங்கும் நீர்சார்ந்த சொற்களைத் தொகுப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு சிற்றூரில், சொற்பட்டியலோடு அமர்ந்திருந்தேன். மழை தொடங்கியதும் ஆற்றை எதிர்த்து வரும் மீனுக்கு என்ன பெயர் என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். அவர் பெயர் எதையும் சொல்லவில்லை. "புதுத்தண்ணி வந்தா மீன் ஏறும்" என்றார். "எந்த மீன் பாட்டி?" என்றேன். "ஏறுறதெல்லாம் ஏறும். உனக்கு எது வேணும்?" என்று திருப்பிக் கேட்டார். என் படிவத்தில் பெயர்ச்சொல்லுக்கென ஒதுக்கிய கட்டம் வெறுமையாக நின்றது. 'ஏறு' என்னும் வினைச்சொல்லை ஓரத்தில் எழுதிக்கொண்டு திரும்பினேன். அந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றியே இப்பதிவு.

மலையாளத்தில் இந்நிகழ்வுக்குப் பெயர்ச்சொல் உண்டு. தென்மேற்குப் பருவமழையின் முதற்பெருக்கில், சினைப்பட்ட மீன்கள் ஆற்றிலிருந்தும் காயலிலிருந்தும் வாய்க்கால்கள், தாழ்ந்த வயல்கள், மேல்நீரோடைகள் ஆகியவற்றுக்கு ஏறி வருவதை 'ஊத்த' என்பர். அப்போது நடக்கும் மீன்பிடி 'ஊத்தபிடித்தம்'. தமிழில் 'ஊத்தா' என்றால் பொருள் வேறு: மூங்கிலால் முடைந்த, மேலும் கீழும் திறந்த கூடை. கண்மாய் வற்றும் கோடையில் ஊரார் சேற்றுநீரில் இறங்கி அதைக் குத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு மீனை எடுப்பர். ஒலி ஒத்திருப்பதால் வேரும் ஒன்றே என்று முடிவுகட்டுவது மொழியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய அவசரம். அதை இங்கே செய்யவில்லை. பொருள் வேறுபாட்டை மட்டும் குறிக்கிறேன். ஒரு சொல் நீர் தேங்கி வற்றும்போது பயன்படும் கருவியைச் சுட்டுகிறது. மற்றது நீர் பெருகும்போது நிகழும் நகர்வைச் சுட்டுகிறது. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பாலக்காடு, இடுக்கி மலையோரங்களின் ஆறுகளைப் பற்றி எழுதப்பட்ட ஒப்பந்தங்களும் சட்டங்களும் தரவரையறைகளும் தேங்கிய நீரை நுட்பமாக அளக்கக் கற்றுக்கொண்டன. நகர்வுக்கு அவற்றில் சொல்லே இல்லாமற்போயிற்று. இதுவே என் வாதம்.

முதலில் அந்த மீனுக்கு வேண்டியவை எவை என்று பார்ப்போம். ஏறும் மீன்களில் வாளை போன்ற பெரியவையும் உண்டு. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவை விரலளவிலிருந்து ஒரு சாண் வரையுள்ள கெண்டை, பரல், கெளிறு இனங்கள். இவற்றின் பயணம் கடலிலிருந்து மலைக்குச் செல்லும் நெடும்பயணம் அன்று. மடுவிலிருந்து வயலுக்கு, பேராற்றிலிருந்து கிளையோடைக்கு எனச் சில நூறு மீட்டரில் முடிந்துவிடுவதும் உண்டு. தூரம் குறைவு என்பதால் தேவையும் குறைவு என்று கருதிவிடக் கூடாது. புதுமழையால் நீர்மட்டம் உயர்வது, வெப்பம் தணிவது, நீர் கலங்குவது ஆகிய மாற்றங்கள் சேர்ந்துதான் மீனை ஏறத் தூண்டுகின்றன. ஏறுவதற்கு வழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும். முட்டையிடச் சில இனங்களுக்குக் கூழாங்கல்லும் மணலும், சிலவற்றுக்கு நீரில் மூழ்கிய புல்லும் வேண்டும். பல கெண்டை இனங்களின் முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். அந்த ஒரு நாளில் மட்டம் சட்டென்று இறங்கினால் முட்டை காய்ந்துபோகும். குஞ்சுகளுக்கு மேடான வயல்நீரின் நுண்ணுயிர்கள் உணவு. சில வாரங்களுக்குப் பின் அவை ஆற்றுக்கு இறங்கவும் வழி திறந்திருக்க வேண்டும்.

நீரின் தரமும் இவ்வியக்கத்தோடு பிணைந்தது. 20 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துவைக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீர் இழந்ததை உடனுக்குடன் காற்றிலிருந்து ஈடுசெய்துகொள்ளும். ஆழ்ந்து தேங்கிய நீரில் அடியடுக்கு காற்றைக் காணாது. அங்கே ஆக்சிஜன் குன்றும். அணையின் கீழ்மதகிலிருந்து விடப்படும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் மீனுக்கு அது வேறு நீர்.

இந்த மலைகளின் மீன்கள் அறிவியலுக்குள் நுழைந்தபோது ஒவ்வொன்றும் ஓர் இடத்தின் பெயரோடு நுழைந்தது. பாறையில் வயிறொட்டி நீர்வேகத்தைத் தாங்கும் ஒரு சிறுமீனை டி. சி. ஜெர்டன் 1849-இல் வாளையாற்றுக் காட்டோடையிலிருந்து விவரித்தார். இன்று அது பவானியா ஆஸ்ட்ராலிஸ் எனப்படுகிறது. பவானியாற்றின் பெயரால் அமைந்த அப்பேரினப் பெயரைச் சூட்டியவர் சுந்தர் லால் ஹோரா. பின்னாளில் 'மிஸ் கேரளா' என்று வண்ணமீன் சந்தையில் புகழ்பெற்ற செங்கோட்டுக் கெண்டையை 1865-இல் பிரான்சிஸ் டே முண்டக்கயத்திலிருந்து விவரித்து, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். வகைப்பாட்டியலுக்கு மாதிரி கிடைத்த இடம் இன்றியமையாதது. ஆனால் வரைபடத்தில் ஒரு புள்ளி, ஜூன் மாதத்தில் அந்த மீன் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைச் சொல்லாது.

நகர்வைப் பற்றிய கேள்வியும் அதே டேயிடமே வந்து சேர்ந்தது என்பது வரலாற்றின் சுவையான திருப்பம். கொள்ளிடத்திலும் கிருஷ்ணா, கோதாவரியிலும் கட்டப்பட்ட அணைக்கட்டுகள் கடலிலிருந்து ஏறும் உல்லம் மீனைத் தடுக்கின்றனவா என்று ஆராயும் பணி 1860-களின் இறுதியில் அவருக்கு அளிக்கப்பட்டது. பின்னர் மாவட்ட அதிகாரிகளுக்கும் வட்டாட்சியர்களுக்கும் வினாக்கள் அனுப்பி விடைகளைத் தொகுத்து, 1873-இல் இந்தியா, பர்மா நாடுகளின் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, அணைக்கட்டுகள் ஏற்றத்தை மறிக்கின்றன. அவற்றில் மீன்வழி அமைக்க வேண்டும். மற்றொன்று, மக்கள் சினைமீனையும் குஞ்சையும் சிறுகண் வலையாலும் பொறியாலும் அழிக்கின்றனர். அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும்.

24 ஆண்டுகளுக்குப் பின் வந்த 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தைப் படிக்கும்போது இவ்விரண்டில் எது சட்டமாயிற்று என்பது விளங்கும். வெடி வைத்து மீன்பிடிப்பதும் நீரில் நஞ்சு கலப்பதும் அச்சட்டத்தில் குற்றங்கள். நிலைப்பொறிகளையும் வலைக்கண்ணின் அளவையும் ஒழுங்குபடுத்த மாகாண அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. பாசன அணையில் மீனுக்கு வழிவிட வேண்டும் என்று அணையைக் கட்டுபவரைக் கட்டாயப்படுத்தும் பிரிவு ஒன்றும் இல்லை. வெடியும் நஞ்சும் தடுக்கப்பட வேண்டியவையே; அதில் ஐயமில்லை. ஆனால் அறிக்கையில் இரண்டாக இருந்த காரணம் சட்டத்தில் ஒன்றாகக் குறைந்தது. குறைந்தது எந்தப் பக்கம் என்பதே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது.

மீனுக்கு என்ன நீர் வேண்டும் என்பது அக்காலத்தவருக்குத் தெரியாது என்று வாதிட இயலாது. நீலகிரியிலும் மூணாற்றின் உயர்மேடுகளிலும் ஆங்கிலேயர் டிரவுட் மீனை இறக்கி வளர்த்தனர். குளிர்ந்த நீர், கூழாங்கல் படுகை, குன்றாத ஆக்சிஜன், இடையறாத ஓட்டம் ஆகிய அனைத்தும் தூண்டிலுக்காகக் கொண்டுவரப்பட்ட அயல்மீனுக்கு வழங்கப்பட்டன. அதே மலையின் கீழோடைகளில் வாழ்ந்த சிறுமீனுக்கு அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

அச்சட்டத்துக்கு இரண்டாண்டு முன், 1895-இல், முல்லைப் பெரியாறு அணை முடிவுற்றது. 1886-இல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி, மேற்கே ஓடிய பெரியாற்றின் நீர் சுரங்கவழியாகக் கிழக்கே வைகைக்குத் திரும்பியது. மதுரைச் சீமையின் வயல்கள் அதனால் விளைந்தன; அந்த நன்மையை இங்கே யாரும் மறுக்கவில்லை. ஆனால் அணைக்கு மேலே இருந்த பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. ஓடும் நீரில் வாழ்ந்த மீன்கள் ஏரிக்கு மேலுள்ள ஓடைகளோடு ஒடுங்கின. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த பி. சுந்தரராஜ் 1941-இல் பெரியாற்றிலிருந்து லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்னும் மீனை விவரித்தார். அப்பேரினத்தில் அது ஒன்றே இனம். உலகில் வேறெங்கும் இல்லை. இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆண்டுகளைக் கவனியுங்கள்: அணை 1895, மீனின் பெயர் 1941. நாம் அதை முதன்முதலில் எழுதிவைத்தபோதே அதன் ஆறு பாதியாகி 46 ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தகைய மீனின் 'இயல்பான வாழிடம்' என்று நூல்கள் குறிப்பது, உண்மையில் அணைக்குப்பின் எஞ்சிய வாழிடம். இதற்கிடையே ஏரியில் திலாப்பியாவும் சாதாக்கெண்டையும் குடியேறின. அவை தேங்கிய நீரைத் தாங்குபவை.

1976-இல் இடுக்கி அணைத்திட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கிடையே எழுந்த வளைவணை அது. அங்கே தேங்கும் பெரியாற்று நீர் மூலமட்டம் மின்நிலையத்தின் வழியே தொடுபுழா, மூவாற்றுப்புழா பக்கம் இறங்குகிறது. ஆக, ஒரே ஆற்றின் நீர் ஓரிடத்தில் கிழக்கே வைகைக்கும், மற்றோரிடத்தில் மேற்கே வேறொரு படுகைக்கும் செல்கிறது. நீர் வலசை போகக் கற்றுக்கொண்டது. மீன் இருந்த இடத்தில் நின்றுவிட்டது.

பாலக்காட்டுப் பக்கத்தின் கதை இன்னும் நுட்பமானது. பாரதப்புழாவின் கிளைகளில் ஒன்றான சித்தூர்ப்புழாவுக்கு நீர் தமிழ்நாட்டின் ஆனைமலையிலிருந்து, ஆழியாறு, பாலாறு வழியாக வருகிறது. மலம்புழா அணையை 1955-இல் காமராசர் திறந்துவைத்தபோது பாலக்காடு சென்னை மாநிலத்தின் பகுதி. அடுத்த ஆண்டே மாநிலங்கள் பிரிந்தன. ஆறு இரு மாநில ஆறாயிற்று. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியானது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைச் சித்தூர்ப்புழாவுக்குத் தமிழ்நாடு உறுதிசெய்ய வேண்டும். நீராண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடியும்.

இந்தத் தேதியில் சற்று நின்று பாருங்கள். உழவரின் கணக்குக்கும் பொறியாளரின் கணக்குக்கும் ஜூலை 1 பொருத்தமானதே. மீனின் ஆண்டு ஜூன் முதல் மழையில் தொடங்குகிறது. அந்த நாட்களில் நீராண்டின் கணக்கு முடியும் தறுவாயில் இருக்கும். அணைகள் கோடையில் வற்றிய வயிற்றை நிரப்பிக்கொள்ளும் பருவம் அது. மலையில் பெய்த முதல்மழையின் பெருக்கு நீர்த்தேக்கத்தின் மட்டத்தை உயர்த்துவதோடு நின்றுவிட்டால், கீழே ஏறத் தூண்டும் அந்த அறிகுறி எட்டுவதில்லை. பின்னர் விடப்படும் நீர் ஒப்பந்தக் கணக்கை ஒரு கன அடியும் குறையாமல் நிறைவு செய்யலாம். ஏற்றத்துக்கான நாளோ கடந்திருக்கும். 7.25 டி.எம்.சி. முழுமையாக வந்த ஆண்டிலும் மீனுக்கு அது வராத ஆண்டாக இருக்கக்கூடும். இரு மாநிலங்களும் அளவைப் பற்றித் தீராமல் வாதிட்டிருக்கின்றன. இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் வேறுபாடில்லை: இரு பேரேட்டிலும் மீனுக்கு வரிசையில்லை. இதோடு கீழே தடுப்பணைகளும், பாரதப்புழாவின் மணற்கொள்ளையும் சேர்ந்தன. ஆற்றுமணலைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001-இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டிவந்தது. நமக்கு மணல் கட்டடப்பொருள். முட்டையிடும் மீனுக்கு அதுவே படுக்கை.

தர அளவீட்டிலும் நிலை இதுவே. 1974-இன் நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி வகுத்திருக்கிறது. காட்டுயிர்க்கும் மீன்வளத்துக்கும் உரியது 'டி' வகை. அதற்கு மூன்று நிபந்தனைகள்: பி.எச். 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமோ அதற்கு மேலோ, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமை. மூன்றும் தேவையானவை. ஆனால் ஒரு குளத்துநீரும் ஒரு மலையோடையும் இத்தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றுவிட முடியும். வெப்பநிலை, ஓட்டத்தின் வேகம், படுகையின் இயல்பு, வழியின் தொடர்ச்சி ஆகிய எதையும் அது கேட்பதில்லை. குப்பியில் அள்ளிய நீருக்குத் தரம் உண்டு; அந்த நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பது குப்பியில் தெரியாது.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். காவிரி நடுவர் மன்றத்தின் 2007-ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டி.எம்.சி.யைப் பகிர்ந்தபோது, சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது. அதே தீர்ப்பில் கேரளத்தின் பங்கு 30: கபினியில் 21, பாலக்காட்டு அட்டப்பாடி வழியே கிழக்கே ஓடும் பவானியில் 6, இடுக்கியின் மறையூர்ப் பக்கத்திலிருந்து கிழக்கே இறங்கும் பாம்பாற்றில் 3. கேரளத்தின் இவ்விரு எல்லை ஆறுகளும் சந்திக்கும் ஒரே ஆவணத்தில் இயற்கைக்கும் ஒரு வரிசை திறக்கப்பட்டது சிறு செய்தியன்று. ஆனால் அந்த வரிசையிலும் எழுதப்பட்டது ஓர் ஆண்டளவே. பத்து டி.எம்.சி. எந்த மாதத்தில், எந்த ஓடையில், எந்த வேகத்தில் என்ற கேள்வி அதற்குள் அடங்கவில்லை.

மீனின் பெயரால் ஓர் அணை நின்ற வரலாறு உலகில் உண்டா? உண்டு. அமெரிக்காவின் டென்னசியில், கூழாங்கல் மேடுகளில் முட்டையிடும் மூன்றங்குல மீன் ஒன்றுக்காக 1978-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் டெல்லிகோ அணையை நிறுத்தியது. 1979-இல் நாடாளுமன்றம் விலக்களித்து அணையை முடித்தது. அதே ஆண்டுகளில்தான் பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கு விவாதம் உச்சத்தில் இருந்தது. குந்திப்புழாவில் திட்டமிட்ட அணை கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அப்போராட்டத்தின் முகமாக நின்றது சிங்கவால் குரங்கு. மீன் அந்த மேடைக்கு வரவில்லை. ஆயினும் பூங்காவுக்குள் குந்திப்புழா தடையின்றி ஓடுவதால் மிகுந்த பயன் பெற்றவற்றுள் அந்த ஓடைகளின் மீன்களும் உண்டு. குரங்குக்காகக் காக்கப்பட்ட காட்டில் மீனுக்கு வழி எஞ்சியது.

இறுதியாகச் சட்டத்துக்கு மீண்டும் வருகிறேன். கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் 2010 இனப்பெருக்கக் காலத்தில் ஏறும் மீனைப் பிடிப்பதைத் தடைசெய்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் ஊத்தபிடித்தம் குற்றம் என்ற எச்சரிக்கை செய்தித்தாள்களில் வருகிறது. சினைமீனை வாரிக் குவிப்பது ஏற்கத்தக்கதன்று, தடை தேவையே. எனினும் 1873-இன் இரண்டு காரணங்களை நினைவில் கொண்டு பாருங்கள். வாய்க்காலில் கூடை வைத்தவருக்குத் தண்டனை தெளிவாக இருக்கிறது. வாய்க்காலின் தலைப்பில் மதகை மூடியதற்கு ஒரு கேள்வித்தாளும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக நாம் அறிக்கையின் ஒரு பக்கத்தையே நிறைவேற்றி வருகிறோம்.

நேரத்தைச் சட்டமொழியில் எழுத முடியாது என்பாருக்கு விடை இருக்கிறது. 2018 அக்டோபரில் கங்கையின் மேல்பகுதிக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஓட்ட அளவு பருவத்துக்குப் பருவம் மாறுகிறது: வறண்ட மாதங்களில் 20 விழுக்காடு, மழை மாதங்களில் 30 விழுக்காடு. அது போதுமா என்பது வேறு விவாதம். பருவத்தை ஓர் அரசாணைக்குள் எழுதலாம் என்பது நிறுவப்பட்டுவிட்டது. மணக்கடவுக்கும் மூலத்தறைக்கும் ஜூன் மாதத்தின் முதல் மழைநாட்களுக்கென ஒரு வரி எழுதப் புதிய நீர் எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் 7.25-இல் ஒரு சிறுபகுதியின் நாளை மாற்றினாலே அதைத் தொடங்கலாம். கீழேயுள்ள தடுப்பணைகளில் சாய்வான மீன்வழி அமைப்பதும் பெரும் பொறியியல் அன்று.

மொழியியல் மாணவனாக என் கடமை இதைவிடச் சிறியது. அந்த மூதாட்டியின் விடையை நான் முதலில் 'தரவு கிடைக்கவில்லை' என்றே குறித்திருந்தேன். இப்போது திருத்திவிட்டேன். பெயர்ச்சொற்களை மட்டும் கேட்கும் என் படிவமும், கன அடியை மட்டும் கேட்கும் ஒப்பந்தமும், குப்பியை மட்டும் கேட்கும் தரவரையறையும் ஒரே பிழையைச் செய்தன. அடுத்த களப்பணிக்கான படிவத்தில் வினைச்சொல்லுக்கும் மாதத்துக்கும் தனிக்கட்டங்கள் சேர்த்திருக்கிறேன்.

சித்தூர், அட்டப்பாடி, மறையூர், வண்டிப்பெரியாறு, தேவிகுளம் பகுதிகளைச் சேர்ந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மீன் ஏறுவதை எப்படிச் சொல்வார்கள், எந்த மாதத்தில், எந்த வாய்க்காலில் ஏறியது, கடைசியாக எப்போது கண்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் மீனின் பெயரைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.